ரஷ்ய யதார்த்தவாதப் புனைகதைகளில் பிரபு வர்க்கமும் சோம்பலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யப் புனைகதைகளில் ஒரு வகை மனிதன் திரும்பத் திரும்ப வருகிறான். நன்கு படித்தவன், நல்ல மனம் கொண்டவன், பிரெஞ்சு மொழியில் அழகாகப் பேசத் தெரிந்தவன். ஆனால் தொடங்கிய எதையும் முடிக்காதவன். காதல் கைகூடும் நேரத்தில் பின்வாங்குவான். பண்ணையைச் சீர்திருத்தத் திட்டம் போடுவான்; திட்டம் மேசையிலேயே கிடக்கும். ரஷ்ய இலக்கிய வரலாற்றில் இவனுக்கு 'லிஷ்னி செலவேக்', அதாவது 'மிகையான மனிதன்' என்று பெயர். இவான் துர்கனேவ் 1850-இல் 'ஒரு மிகையான மனிதனின் நாட்குறிப்பு' என்ற குறுநாவலை வெளியிட்ட பின்னர் இப்பெயர் பரவலாயிற்று.

இவர்களின் சோம்பலை வெறும் குணக்கேடாகப் படிப்பவருக்கு இந்நாவல்கள் பாதிதான் புரியும். ஒருவன் மதியம் வரை படுத்திருக்க வேண்டுமானால் அவனுக்காக வேறு பலர் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். ரஷ்யாவில் அந்த ஏற்பாடு சட்டப்படியே இருந்தது. முதன்மையான ரஷ்ய எழுத்தாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். அவர்களில் பலர் அந்த ஏற்பாட்டின் பயனை அனுபவித்தவர்களும் ஆவர்.

சட்டம் தந்த ஓய்வு

மகா பீட்டர் காலத்தில் ரஷ்யப் பிரபு ஓய்வாக இருக்க முடியாது. படையிலோ அரசு அலுவலகத்திலோ வாழ்நாள் முழுவதும் பணியாற்ற வேண்டியிருந்தது. 1722-இல் அவர் வெளியிட்ட பதவி அட்டவணை, பணியில் இருப்போரைப் பதினான்கு படிநிலைகளாகப் பிரித்தது. பண்ணையடிமை பிரபுவுக்கு உழைக்கிறான், பிரபு அரசனுக்கு உழைக்கிறான் என்பதே அன்றைய நியாயம். கொடுமையான நியாயம்தான் என்றாலும் அதில் ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல அழிக்கப்பட்டது. 1736-இல் பேரரசி ஆன்னா பிரபுக்களின் பணிக்காலத்தை 25 ஆண்டுகளாகக் குறைத்தார். 1762 பிப்ரவரி 18 அன்று மூன்றாம் பீட்டர் கட்டாயப் பணியை அடியோடு நீக்கினார். 1785-இல் இரண்டாம் கேத்தரின் வழங்கிய சாசனம் இச்சலுகையை உறுதி செய்தது. பிரபு விடுதலை பெற்றான்; பண்ணையடிமை அப்படியே இருந்தான். பண்ணையடிமைகளின் விடுதலை ஆணை 1861 பிப்ரவரி 19 அன்று கையெழுத்தானது. நியாயப்படி மறுநாளே வந்திருக்க வேண்டிய ஆணை, 99 ஆண்டுகள் கழித்து அந்த மறுநாளில் வந்தது என்று வரலாற்றாசிரியர் கிளியுச்செவ்ஸ்கி சுட்டிக்காட்டினார். நாம் பேசும் இலக்கியத்தின் பெரும்பகுதி அந்த 99 ஆண்டுகளின் நிழலில் பிறந்தது.

பண்ணையின் அளவைப் பரப்பால் மட்டுமன்றி 'ஆன்மா'க்களின் எண்ணிக்கையாலும் சொல்வது அன்றைய வழக்கம். ஓர் ஆன்மா என்றால் கணக்கெடுப்பில் பதிவான ஓர் ஆண் அடிமை. பெண்கள் இந்த எண்ணிக்கையில் வருவதில்லை. அடிமைகள் இரண்டு வகையில் கடமை செலுத்தினர். ஒன்று, பிரபுவின் நிலத்தில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் கூலியின்றி உழைப்பது; இது பார்ஷினா. மற்றொன்று, பணமாகவோ விளைபொருளாகவோ செலுத்துவது, இது ஒப்ரோக். இவற்றை வசூலிக்கக் கிராமத்தில் ஒரு மேற்பார்வையாளன் இருப்பான். பிரபு பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு அவன் அனுப்பும் கடிதத்தையும் பணத்தையும் எதிர்பார்த்திருந்தால் போதும்.

எல்லாப் பிரபுக்களும் இப்படி வாழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆன்மாக்களே உடைய ஏழைப் பிரபுக்கள் சம்பளத்துக்காக அலுவலகங்களில் எழுதித் தேய்ந்தனர். வசதி படைத்தவர்களும் கடனில் மூழ்கியிருந்தனர். 1850-களின் இறுதியில் தனியார் பண்ணையடிமைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அரசுக் கடன் நிறுவனங்களில் அடமானம் வைக்கப்பட்டிருந்தனர். மனிதர்களே அடமானப் பொருள். கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' (1842) நாவலில் சீச்சிகவ் செய்யும் மோசடி இதையே அடிப்படையாகக் கொண்டது. அடுத்த கணக்கெடுப்பு வரை தாளில் உயிரோடிருக்கும் இறந்த அடிமைகளை மலிவாக வாங்கி, அவர்களை அடமானம் வைத்துக் கடன் பெறுவதே அவன் திட்டம்.

ஒப்லோமோவுக்கு முன்னர்

1762 ஆணைக்கு இருபது ஆண்டுகள் கழித்து மேடையேறிய ஃபன்வீசினின் நகைச்சுவை நாடகத்தில் வரும் மித்ரஃபான், படிக்க மறுத்துத் தின்று கொழுக்கும் நிலப்பிரபு மகன். அவன் கேலிக்குரியவன் மட்டுமே. புஷ்கினின் கவிதை நாவலான 'யெவ்கேனி அனேகின்' (முழு நூலாக 1833) கேலியோடு அனுதாபத்தையும் கலந்தது. அனேகின் நண்பகல் கடந்து எழுகிறான். உணவகம், நாடக அரங்கு, நடன விருந்து என்று அலைந்து மறுநாள் காலை, நகரம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வீடு திரும்பிப் படுக்கிறான். அவனுக்குக் கிராமத்துச் சொத்து வாய்த்ததும் கூலியில்லா உழைப்பை நீக்கிச் சிறு பணக்கடமையாக மாற்றுகிறான். அண்டைப் பண்ணையார்கள் அவனை ஆபத்தானவன் என்று முடிவு செய்கிறார்கள். அனேகின் செய்யும் பயனுள்ள காரியம் இது ஒன்றே. பொழுது போகாததால்தான் அதையும் செய்கிறான் என்று புஷ்கின் சொல்லிவிடுகிறார்.

கோகோலின் மனீலவ் வேறு வகை. அவனுடைய அறையில் ஒரு புத்தகம் இரண்டு ஆண்டுகளாகப் பதினான்காம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடியே கிடக்கிறது. குளத்தின்மேல் கல் பாலம் கட்டி, அதன் இருபுறமும் கடைகள் வைத்தால் எப்படியிருக்கும் என்று அவன் இனிமையாகக் கனவு காண்கிறான். தன் பண்ணையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளனை அழைத்துக் கேட்கிறான், அவனுக்கும் தெரியவில்லை. கனவின் இனிமையையும் இந்த அறியாமையையும் கோகோல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

ஒப்லோமோவின் கட்டில்

இவான் கோன்சரோவ் (1812–1891) பிரபு குலத்தில் பிறந்தவர் அல்லர். வோல்கா நதிக்கரையிலுள்ள சிம்பீர்ஸ்க் நகரத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி அரசு ஊழியர். சோம்பலைப் பற்றிய உலகின் மிகப் பெரிய நாவலை எழுதியவர் அலுவலகம் போய்வந்தவர் என்பது சுவையான செய்தி. 'ஒப்லோமோவின் கனவு' என்ற பகுதி 1849-இல் வெளிவந்தது. பிறகு நாவல் ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. 1857 கோடையில் மரியன்பாத் நீரூற்று நகரில் தங்கியிருந்தபோது ஏறத்தாழ ஏழு வாரங்களில் பெரும்பகுதியை எழுதி முடித்தார். 1859-இல், அடிமை விடுதலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், நாவல் தொடராக வெளியானது.

கதை பீட்டர்ஸ்பர்க்கின் கரோகவயா தெருவில் ஒரு படுக்கையில் தொடங்குகிறது. இல்யா இலீச் ஒப்லோமோவுக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது. தளர்ந்த கீழைநாட்டு அங்கி அணிந்து படுத்திருக்கிறான். நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து வெளியே அழைக்கிறார்கள், அவன் எழவில்லை. முதல் பாகம் முழுவதும் இப்படியே போகிறது. அவனுக்கு இரண்டு கவலைகள்: வீட்டை காலி செய்ய வேண்டும்; கிராமத்திலிருந்து வந்த கடிதத்தின்படி வருமானம் இவ்வாண்டு இரண்டாயிரம் ரூபிள் குறையும். இரண்டுக்கும் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும்.

அவனுக்கு ஸகார் என்ற வேலைக்காரன். ஐம்பது கடந்தவன், முரடன், பாத்திரங்களை உடைப்பவன், சில்லறை திருடுபவன். ஆயினும் எசமானுக்காக உயிரைக் கொடுக்கக் கூடியவன். தூசியையும் மூட்டைப்பூச்சியையும் சுட்டி எசமான் திட்டினால், மூட்டைப்பூச்சியை நானா உண்டாக்கினேன் என்று கேட்பான். வீடு மாறுவதைப் பற்றிப் பேசும்போது 'மற்றவர்கள்' மாறவில்லையா என்று ஸகார் வாய்தவறிக் கேட்டுவிடுகிறான். ஒப்லோமோவுக்குத் தாங்கவில்லை. தன்னை மற்றவர்களோடு ஒப்பிடுவதா? பிறந்தது முதல் ஒருநாளும் தன் காலுறையைத் தானே போட்டுக்கொண்டதில்லை என்று பெருமையும் கண்ணீருமாக நீண்ட சொற்பொழிவு நிகழ்த்துகிறான். நாவலில் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் இது. அதன் நடுவில்தான் உண்மை இருக்கிறது. பின்னர் வரும் கனவுப் பகுதி அந்தக் காலுறையின் வரலாற்றைச் சொல்கிறது. பதினான்கு வயதுச் சிறுவனுக்கு ஸகார் காலுறை மாட்டிவிடுகிறான். சிறுவன் தானே ஓடி ஒன்றை எடுக்க எழுந்தால் பெற்றோரும் அத்தைமாரும் கூவித் தடுக்கிறார்கள்: வாஸ்காவும் வான்காவும் ஸகாரும் எதற்கு இருக்கிறார்கள்? மதிய உணவுக்குப் பின் ஒப்லோமவ்கா கிராமமே உறங்கும்போது அச்சிறுவன் மட்டும் விழித்து அலைகிறான். சோம்பல் அவனுக்குப் பிறவிக் குணமாக வரவில்லை. அன்போடு ஊட்டி வளர்க்கப்பட்டது.

ஒப்லோமோவ் அரசுப் பணியிலும் இரண்டாண்டு இருந்தவன்தான். அஸ்த்ரகானுக்கு அனுப்ப வேண்டிய தாளை அர்காங்கெல்ஸ்குக்கு அனுப்பிவிட்டு, பயத்தில் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலகினான். சம்பளம் இல்லாவிட்டாலும் முந்நூற்றைம்பது ஆன்மாக்கள் இருந்தன. அலுவலகத்தில் தவறு செய்த ஏழை எழுத்தர் ஒருவருக்கு இந்த வசதி கிடையாது.

பாதி ஜெர்மானியனான நண்பன் ஸ்டோல்ஸும், ஒப்லோமோவை நேசிக்கும் ஓல்காவும் அவனை எழுப்பப் பார்க்கிறார்கள், தோற்கிறார்கள். அவன் வீபர்க் பகுதியில் அகாஃபியா என்ற விதவையின் வீட்டில் அடைக்கலமாகி அவளையே மணக்கிறான். அகாஃபியா ஓயாமல் உழைப்பவள். அவளுடைய அண்ணனும் தரந்தியெவும் போலிப் பத்திரத்தால் ஒப்லோமோவின் வருமானத்தை உறிஞ்சிய காலத்தில், அவனுக்குப் பழைய சாப்பாடு குறையாதிருக்கத் தன் சீதன முத்துகளை அடகு வைக்கிறாள். அவனுக்கு இது தெரிவதேயில்லை. ஒப்லோமோவைத் தூய உள்ளம் படைத்தவன் என்று ஸ்டோல்ஸ் போற்றுகிறான். அந்த உள்ளத்தைத் தூய்மையாக வைத்திருக்க எத்தனை பேர் கையை அழுக்காக்கினார்கள் என்பதைக் கோன்சரோவ் எங்கும் வாதமாகச் சொல்லவில்லை. முத்துமாலையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஒப்லோமோவ் இல்லை, பக்கவாதத்தால் இறந்துவிட்டான். தேவாலய வாசலில் பிச்சைக்காரர்களிடையே ஸ்டோல்ஸ் ஸகாரைக் காண்கிறான். எசமானுக்குப் பின் வேறு எந்த வேலையிலும் அவனால் நிலைக்க முடியவில்லை. எசமானைச் செயலற்றவனாக்கிய அதே வாழ்க்கை வேலைக்காரனையும் வேறெதற்கும் உதவாதவனாக்கியிருக்கிறது. கிராமத்துக்கு வந்தால் இடம் தருகிறேன் என்கிறான் ஸ்டோல்ஸ். எசமானின் கல்லறையை விட்டு வர ஸகாருக்கு மனமில்லை.

தொப்ரோலியூபோவின் கட்டுரை

நாவல் வெளியான அதே ஆண்டு மே மாதம் 'சவ்ரெமென்னிக்' இதழில் நிகலாய் தொப்ரோலியூபோவ், ஒப்லோமோவ்த்தனம் என்றால் என்ன என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. 25 வயதில் இறந்துவிட்டார். மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்து உழைத்தே வாழ்ந்தவர். அனேகின், லெர்மந்தவின் பெச்சோரின், துர்கனேவின் ரூதின் ஆகியோர் அனைவரும் ஒப்லோமோவின் உடன்பிறப்புகளே என்பது அவருடைய வாதம். சோகமும் கவர்ச்சியுமாக உலவிய நாயகர்கள் திடீரென அங்கியோடு கட்டிலில் கிடத்தப்பட்டனர். திறனாய்வாளர் த்ருஷீனின் இதை ஏற்கவில்லை. ஒப்லோமோவின் குழந்தை உள்ளத்தையும் யாருக்கும் தீங்கு நினையாத இயல்பையும் அவர் பாராட்டினார். இருவரும் ஒரே நூலைச் சரியாகவே படித்தனர் எனலாம். ஆனால் ஸகாரின் பக்கம் நின்று பார்க்கும்போது தொப்ரோலியூபோவின் வாசிப்பே வலுவானது.

துர்கனேவும் தாயின் பண்ணையும்

துர்கனேவின் தாயார் வர்வாரா பெத்ரோவ்னா ஆயிரக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர், கண்டிப்புக்குப் பெயர்போனவர். அவருடைய வீட்டிலிருந்த வாய்பேசாத வேலைக்காரன் ஒருவனைக் கண்டே துர்கனேவ் 'முமு' என்ற சிறுகதையை எழுதினார். சலிப்புற்ற முதிய சீமாட்டிக்கு ஓர் இரவு தூக்கம் வரவில்லை. அதனால் கெராசிம் தன் நாயைத் தானே ஆற்றில் மூழ்கடிக்க நேர்கிறது. சோம்பல் என்பது மென்மையானது, தீங்கற்றது என்ற எண்ணத்துக்கு இக்கதை தக்க பதில். வேலையற்ற மனத்தின் ஒரு சிறு எரிச்சல் கீழே இறங்கும்போது கட்டளையாகிவிடுகிறது.

'தந்தையரும் தனயரும்' (1862) நாவலின் கதை 1859-இல் நிகழ்கிறது. பாவெல் கிர்சானவ் கிராமத்து வீட்டில் ஆங்கிலப் பாணி உடையும் நறுமணமும் பளிச்சிடும் நகங்களுமாக இருக்கிறார். தன்மானம், கொள்கை என்று அவர் பேசும்போது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் தன்மானத்தால் ஊருக்கு என்ன பயன் என்று மருத்துவ மாணவன் பஸாரவ் கேட்கிறான். பாவெல் அதற்கு நேரான பதில் தரவில்லை.

டால்ஸ்டாய்: சோம்பலும் அரிவாளும்

லியோ டால்ஸ்டாய் இப்பொருளைப் பல பக்கமிருந்தும் தொட்டார். 'போரும் அமைதியும்' நாவலில் ஓரிடத்தில், உழைப்பின்மையே முதல் மனிதனின் பேரின்பமாயிருந்தது என்ற விவிலிய மரபை நினைவூட்டுகிறார். இன்று மனிதன் சோம்பியிருந்தால் மனச்சாட்சி குத்துகிறது. குற்ற உணர்வின்றிச் சோம்பியிருக்க வழிசெய்யும் ஒரே தொழில் படைத்தொழில் என்கிறார். பீரங்கிப் படையில் இருந்தவர் சொன்னது.

'அன்னா கரேனினா' (1875–77) அடிமை விடுதலைக்குப் பிந்தைய காலத்தைக் காட்டுகிறது. ஸ்டீவா ஒப்லான்ஸ்கி ஒப்லோமோவைப்போல் படுத்திருப்பவன் அல்லன். விருந்து, வேட்டை, நடிகைகள் என்று ஓடிக்கொண்டேயிருப்பவன். மைத்துனரின் செல்வாக்கால் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபிள் சம்பளப் பதவியும் உண்டு. கடன் அடைக்க மனைவியின் காட்டை வணிகன் ரியாபீனினுக்கு 38 ஆயிரம் ரூபிளுக்கு விற்கிறான். மரங்களை எண்ணினாயா என்று கேட்கிறான் லெவின். எண்ணவில்லை. வணிகன் எண்ணிவிட்டான். ஒரு வர்க்கத்தின் சொத்து எப்படிக் கைமாறிற்று என்பதற்கு வரலாற்று நூல்கள் பல பக்கம் எழுத வேண்டியதை டால்ஸ்டாய் இந்த ஒரு கேள்வியில் முடித்துவிடுகிறார்.

லெவின் உழவர்களோடு சேர்ந்து புல் அறுக்கும் அத்தியாயங்கள் புகழ்பெற்றவை. உடல் களைக்கக் களைக்க மனம் அமைதியடைகிறது. எனினும் மறுநாள் அரிவாளை எடுக்காமலிருக்க லெவினால் முடியும்; பக்கத்தில் அறுக்கும் முதியவரால் முடியாது. இந்த வேறுபாடு டால்ஸ்டாயைப் பின்னாளில் உறங்கவிடவில்லை. 1882-இல் மாஸ்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பங்கேற்று ஏழைகளின் குடியிருப்புகளைக் கண்டபின், தம் வர்க்கத்தின் ஓய்வை நேரடியாகவே குற்றஞ்சாட்டி எழுதினார். தம் கைகளால் உழுதார், காலணி தைத்தார். ஒவ்வொருவரும் உடலுழைப்பால் உண்ண வேண்டும் என்ற அவரது கருத்து காந்தியை ஈர்த்தது. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியோடு தங்கி உழைத்தவர்களில் தமிழ்க் குடும்பத்தினரும் இருந்தனர்.

ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் தமிழர் அறிந்த 'புத்துயிர்ப்பு' (1899) இரண்டு காலைகளோடு தொடங்குகிறது. மாஸ்லவா சிறையிலிருந்து காவலரிடையே தெரு வழியே நீதிமன்றம் செல்கிறாள். அதே நேரத்தில், அவளைக் கெடுத்த நெஹ்லூதவ் உயர்ந்த கட்டிலில் படுத்தபடி புகைபிடித்துக்கொண்டிருக்கிறான். இதே குடும்பப் பெயரை டால்ஸ்டாய் 1856-இல் 'ஒரு நிலப்பிரபுவின் காலை' என்ற கதையிலும் பயன்படுத்தியிருந்தார். அந்த இளைஞன் உழவர்களுக்கு உதவப் போனபோது அவர்கள் நம்பவில்லை. 43 ஆண்டுகள் கழித்து இந்த நெஹ்லூதவ் நிலத்தையே கொடுக்கப் போகும்போதும் அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

1861-க்குப் பிறகு

விடுதலை பெற்ற உழவர்கள் தங்கள் நிலத்துக்கு 49 ஆண்டுகள் மீட்புத் தொகை கட்ட வேண்டியிருந்தது. பிரபுக்களுக்கு அரசு தந்த ஈட்டுத் தொகையில் பெரும்பங்கு பழைய கடனுக்கே போயிற்று. சால்டிகோவ்-ஷ்செத்ரினின் 'கலவ்லியோவ் குடும்பம்' (1875–80) இச்சிதைவின் இருண்ட சித்திரம். அதில் வரும் யூதுஷ்கா நாளெல்லாம் வேலை செய்வதுபோல் தோன்றுகிறான். கணக்குப் புத்தகங்களில் மூழ்கியிருக்கிறான். ஆனால் வட்டாரத்து மாடுகள் எல்லாம் செத்து, தன் மாடுகள் மட்டும் பிழைத்தால் பால் என்ன விலை போகும் என்பது போன்ற கணக்குகள் அவை. சும்மா இருப்பதைவிடக் கொடிய சோம்பல் இது.

அந்தோன் செகாவின் பாட்டனார் பண்ணையடிமையாயிருந்து 1841-இல் பணம் கட்டிக் குடும்பத்தை மீட்டவர். பேரனுக்கு மிகையான மனிதன்மேல் பொறுமை குறைவு. 'இருவர் போர்' (1891) கதையில் லயேவ்ஸ்கி தன் கடன்களுக்கும் பொய்களுக்கும் அனேகினையும் பெச்சோரினையும் காரணம் காட்டுகிறான். நாங்கள் பண்ணையடிமை முறையின் எச்சங்கள், என்ன செய்வது என்கிறான். விலங்கியலாளன் ஃபான் கோரென் இதைக் கேட்டு வெகுண்டு எள்ளுகிறான். இலக்கியம் தந்த பட்டம் அதற்குள் சோம்பேறியின் சாக்காகிவிட்டது. செகாவ் லயேவ்ஸ்கியைக் கைவிடவில்லை. கடைசியில் அவன் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து எழுதிக் கடனை அடைக்கத் தொடங்குகிறான்.

நாடகமாயினும் 'செர்ரித் தோட்டம்' (1904) இங்கே குறிப்பிடத்தக்கது. ரனேவ்ஸ்காயாவின் தோட்டத்தை ஏலத்தில் வாங்குகிறவன், அங்கே அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த லபாஹின். எல்லோரும் புறப்பட்டபின் பூட்டிய வீட்டில் முதிய வேலைக்காரன் ஃபீர்ஸ் மறதியாக விடப்படுகிறான். 1861 விடுதலையை அவன் 'துன்பம்' என்றே குறிப்பிடுபவன். அவனுக்கும் ஸகாருக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள்.

1922-இல் லெனின் ஓர் உரையில், மூன்று புரட்சிகளுக்குப் பிறகும் ஒப்லோமோவ் மறையவில்லை. அவன் நிலப்பிரபுவிடம் மட்டுமன்றி உழவரிடமும் தொழிலாளரிடமும் கம்யூனிஸ்டுகளிடமும் இருக்கிறான் என்று குறைப்பட்டார். 'ஒப்லோமோவ்ஷீனா' என்ற சொல் இன்றும் ரஷ்ய மொழியில் வழங்குகிறது. இன்று அது யாருடைய மந்தத்தையும் குறிக்கும் பொதுச்சொல். முந்நூற்றைம்பது ஆன்மாக்களும் காலுறை மாட்டிவிட்ட ஸகாரும் அச்சொல்லின் பொருளிலிருந்து விலகிவிட்டனர்.